கோணமலையும் குறிகாண் கண்ணாடியும்

ஒரு துறைமுகத்தின் வலிமையை அதன் பீரங்கிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது பலருக்கும் வழக்கம். ஆயினும் பீரங்கிக்குக் கை உண்டேயன்றிக் கண் இல்லை. எறியும் ஆற்றல் எத்துணைப் பெரிதாயினும், எறியவேண்டிய இலக்கு எங்கே உளது, எவ்வளவு தூரத்தில் உளது என்பதைக் காட்டும் கண் தனியே அமையவேண்டும். இலங்கையின் கீழ்க்கரையில், உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென எண்ணப்படும் திருகோணமலையின் வரலாற்றை, அங்கு நின்ற பீரங்கிகளின் வரலாறாகப் பலர் எழுதியுள்ளனர். அப்பீரங்கிகளுக்கும் துப்பாக்கிகளுக்கும் கண்ணாக வாய்த்த கண்ணாடியின் வரலாறாக அதனை நோக்குவதே இப்பேச்சின் கருத்து.

குறிகாண் கண்ணாடியைக் கையாள்வோர் எக்காலத்தும் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டியவராயினர். எத்தகைய கண்ணாடியைத் தெரிவது? அதனை எதன்மேல், எவ்வாறு பொருத்துவது? பொருத்தியதை எவ்வாறு பேணுவது? வேட்டைக்காரனின் கைத்துப்பாக்கிக்கும், மலைமேல் நின்ற பெரும் பீரங்கிக்கும் இவ்வினாக்கள் பொதுவானவை. இவற்றுள் முதலாவது வினாவே எளிதென்று தோன்றும். அதுவே எல்லாவற்றினும் அரிது என்பதைத் திருகோணமலை காட்டுகிறது.

போத்துக்கேயர் 1620களின் முற்பகுதியில் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோணமலையில் கோட்டை கட்டினர். ஏறக்குறைய அதே காலத்திலேதான் ஐரோப்பாவில் தொலைநோக்கி பிறந்து பரவிக்கொண்டிருந்தது. ஒல்லாந்தின் மிடில்பர்க் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளரான ஹன்ஸ் லிப்பர்ஷே, 1608ஆம் ஆண்டில் அக்கருவிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1639ஆம் ஆண்டில் ஒல்லாந்தர், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுடன் கூடித் திருகோணமலைக் கோட்டையைப் போத்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இங்ஙனம் தொலைநோக்கியும் கோட்டையும் ஒரே தலைமுறையில் தோன்றின. ஆனால் அவை இரண்டும் ஒன்றோடொன்று இணைவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அக்காலத்துக் கப்பலோட்டி, தொலைநோக்கியாற் கொடியைப் பார்த்து நண்பனா பகைவனா என்று அறிந்தான். பீரங்கிக்காரனோ குழலின் முதுகு நெடுகிலும் வெறுங்கண்ணை ஓட்டிக் குறி பார்த்தான். அவன் பீரங்கி வெடிக்குந்தோறும் வண்டியோடு பின்னே ஓடியது. அத்தகைய ஒன்றின்மேல் கண்ணாடியைப் பொருத்துவது நினைத்தற்கும் அரிய செயலாயிருந்தது.

அந்நாளைய கோட்டைகளின் கண், வாயிலைக் காக்கும் காவலாளனின் கண்ணைப் போன்றது. ஒரு திசையையே நோக்கியது. 1782ஆம் ஆண்டில் இதன் விளைவை இரண்டு முறை காண்கிறோம். சனவரி மாதத்தில் அட்மிரல் ஹியூசின் கப்பற்படை கொணர்ந்த ஆங்கிலேயர் தரையில் இறங்கி, முதலிற் கோணமலைக் கோட்டையையும், பின்னர் துறைமுகத்தின் உள்வாயிலைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையையும் ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். ஆகத்து மாத இறுதியில் பிரெஞ்சு அட்மிரல் சுப்ரேன் அதே வழியிற் படையை இறக்கி அவற்றை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். மீட்க வந்த ஹியூஸ் செப்டெம்பர் 2ஆம் நாள் தொலைநோக்கியிற் கண்டது பிரெஞ்சுக் கொடியே. மறுநாள் கடலில் நிகழ்ந்த கடும்போரினாலும் கோட்டைகள் அவர் கைக்கு மீளவில்லை. கடலை நோக்கிய கோட்டைகள் ஒரே ஆண்டில் இருமுறை தரைவழியே வீழ்ந்தன. இதனை நேயர்கள் நினைவிற் கொள்வார்களாக. பின்னும் ஒருமுறை இது நமக்குப் பயன்படும்.

இனி, கண்ணாடி துப்பாக்கியோடு சேர்ந்த கதையைக் காண்போம். தொலைநோக்கி குறிகாட்டியாக மாறுவதற்கு அதனுள் ஒரு குறுக்குக்கோடு வேண்டும். 1640ஆம் ஆண்டையொட்டி வில்லியம் கேஸ்காயின் என்ற ஆங்கில வானநூலார், தம் தொலைநோக்கியுட் சிலந்தி கட்டிய நூல், நோக்கிய பொருளோடு ஒருங்கே தெளிவாகத் தெரியக் கண்டு இவ்வுண்மையை உணர்ந்தார் என்பர். பின்னாளில் மெய்யாகவே சிலந்தி நூலைக் கருவிகளிற் குறுக்குக்கோடாக இழுத்துக் கட்டும் வழக்கமும் உண்டாயிற்று.

இதனால் விளையும் நன்மை யாது? திறந்த குறிகளைக் கொண்டு சுடுவோனுடைய கண், பின்குறி, முன்குறி, இலக்கு என்னும் மூன்றையும் ஒரே வேளையிற் பார்க்க முயல்கிறது. மூன்றும் மூன்று தூரத்தில் இருத்தலின் அவற்றுள் ஒன்றே தெளிவாகும். ஏனைய இரண்டும் மங்கும். வயது ஏற ஏற இவ்விடர்ப்பாடு மிகும். தொலைநோக்கியிலோ குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் விழுகின்றன. கண் ஒன்றை மட்டும் பார்த்தாற் போதும். பொருளைப் பெரிதாக்குதல் இக்கண்ணாடியின் இரண்டாவது பயனே. கண்ணின் சுமையைக் குறைத்தலே முதலாவது பயன்.

நம் பக்கத்து நாடாகிய இந்தியாவில் இம்முயற்சி செழித்தது. பம்பாய்ப் படையைச் சேர்ந்த டேவிட்சன் என்னும் அதிகாரி, 19ஆம் நூற்றாண்டில் சிறு தொலைநோக்கியொன்றைத் திருகுவரி வெட்டிய ‘றைபிள்’ துப்பாக்கியோடு பொருத்தினார். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்மாநிலத்துக் குறிவல்லோர் விற்வேத் றைபிளின் இடப்பக்கத்தில் அவருடைய கண்ணாடியை ஏற்றிப் பயன்படுத்தினர். துப்பாக்கியின் உதைப்பு கண்ணாடியைக் கண்ணின்மேல் மோதச் செய்யும் என்பதே அக்காலத்துப் பெருந்துன்பம். ஆதலாற் கண்ணுக்கும் வில்லைக்குமிடையே போதிய இடைவெளி விட்டு முழுப் படத்தையும் காட்டும் கண்ணாடியே தெரிதற்குரியது என்பது அன்றே தெளிவாயிற்று. இன்று துப்பாக்கிக் கண்ணாடிகளில் ஏறக்குறைய மூன்று அல்லது நான்கு அங்குல இடைவெளி விடுதல் வழக்கம்.

கடற்படையில் இவ்வறிவு பிந்தியே புகுந்தது. 1899ஆம் ஆண்டில் ‘சில்லா’ என்னும் போர்க்கப்பலின் தலைவர் பேர்சி ஸ்கொட், தம் மாலுமிகளுக்குத் திருத்திய தொலைநோக்கிகளையும் புதுப் பயிற்சியையும் அளித்துப் போட்டிச் சூட்டில் 70 குண்டுகளுக்கு 56ஐ இலக்கிற் படச் செய்தார். நூற்றுக்கு எண்பது என்ற இக்கணக்கைக் கேட்ட பலர் நம்ப மறுத்தனர். வெடிக்கும்போது பீரங்கிக் குழல் பின்னடைகிறது. அக்குழல் வழுக்கி ஓடும் தொட்டில் பின்னடைவதில்லை. அசையாத அத்தொட்டிலிற் குறிகாண் கண்ணாடியைப் பொருத்தினால், குண்டு புறப்படும் கணத்திலும் சுடுவோன் கண்ணை எடாது இலக்கைத் தொடரலாம். பொருத்துதலின் முதல் விதி இதுவே: அசைவது எது, அசையாதது எது என்பதை அறிந்து, அசையாததன்மேற் கண்ணை வை.

அசையாதவற்றுள் மலையினும் சிறந்தது யாது? இவ்விடத்திலேதான் திருகோணமலையின் நிலவமைப்பு பொறிவல்லாருக்குத் துணைவந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் பீரங்கிப்படை அதிகாரி வாற்கின் என்பவர், தாழ்கோண அளவினால் தூரத்தைக் காணும் கருவியொன்றை அமைத்தார். பிரித்தானியரின் கரையோரக் கோட்டைகளில் அது பொதுக் கருவியாயிற்று. அதன் தத்துவம் பள்ளி மாணவனுக்கும் விளங்கும். கடல்மட்டத்திலிருந்து நம் கருவி எத்தனை அடி உயரத்தில் உள்ளது என்பது நமக்குத் தெரியும். தொலைநோக்கியைத் தாழ்த்திக் கப்பலின் நீர்க்கோட்டில் குறுக்குக்கோட்டை வைத்தால் தாழ்கோணம் தெரியும். முக்கோணத்தின் ஒரு பக்கமும் ஒரு கோணமும் கிடைத்துவிட்டமையால் தூரம் தானே வந்துவிடும்.

இதனை எண்களால் விளக்குவோம். கருவி 300 அடி உயரத்தில் நிற்க, கப்பல் 18,000 அடி, அதாவது ஏறக்குறைய மூன்று கடல்மைல் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். தாழ்கோணம் ஏறத்தாழ ஒரு பாகை. கடல் வற்றுப்பெருக்கினால் இரண்டடி ஏறியதைக் கணக்கிற் சேர்க்க மறந்தால், உயரத்தில் 150இல் ஒரு பங்கு பிழைக்கும். தூரத்திலும் அதே பங்காக 120 அடி பிழைக்கும். அதே கருவி 60 அடி மேட்டில் நின்றிருப்பின், அதே மறதியால் 600 அடி பிழை நேரும். முன்னையது ஒரு கப்பலின் நீளத்துக்குள் அடங்கும். பின்னையது குண்டைக் கடலில் வீழ்த்தும். கோணமலையின் செங்குத்துப் பாறை 300 அடிக்கு மேல் எழுந்து நிற்கிறது. கீழ்க்கரையில் வற்றுப்பெருக்கும் இரண்டு மூன்று அடியைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. உயர்ந்த பீடமும் அடங்கிய கடலும் ஒருங்கே வாய்த்த துறைமுகங்கள் அரியன. கப்பல்களுக்கு இவ்வசதி இல்லை. தாழ்ந்த தளத்திலிருந்து பார்க்கும் அவற்றுக்காகவே பார், ஸ்ட்ரவுட் என்னும் பேராசிரியர் இருவர், நீண்ட குழலின் இரு முனைகளிலிருந்து ஒரு பொருளைப் பார்த்துத் தூரம் அளக்கும் கருவியைச் செய்தனர். பிரித்தானியக் கடற்படை 1890களில் அதனை ஏற்றுக்கொண்டது.

ஒஸ்ரன்பேர்க் முகட்டிலே, அட்மிரல் சாமுவேல் ஹூட்டின் பெயர் தாங்கிய ஹூட் கோபுரம் நின்று துறைமுக வாயிலை நோக்குகிறது. 20ஆம் நூற்றாண்டிற் கரையோரத்துப் பெரும் பீரங்கிகள் இம்முகட்டில் ஏற்றப்பட்டன. இன்று கடற்படையினர் அங்கே ஒரு பொருட்காட்சிச்சாலை நடத்துகின்றனர்.

இனி, கண்ணாடியைத் தெரிதல் பற்றிச் சில சொல்வோம். பெருக்கம் மிகுந்த கண்ணாடியே சிறந்தது என எண்ணுவது தொடக்கக்காரரின் இயல்பு. பெருக்கம் கூடினாற் காட்சியின் அகலம் குறையும், கைநடுக்கமும் கூடவே பெருகும், ஒளி குறையும். முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். இருளில் இளைஞனுடைய கண்மணி ஏறக்குறைய ஏழு மில்லிமீற்றர் விரியும். ஆதலினாற்றான் இரவுக் காவலுக்கென மாலுமிகள் ஏழு மடங்கு பெருக்கமும் 50 மில்லிமீற்றர் வில்லையும் உடைய இரட்டைக் கண்ணாடியை நாடினர். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏறக்குறைய ஏழு வரும். மேலும், கச்சான் வீசும் மாதங்களில் நண்பகலுக்குப்பின் கொட்டியாரக்குடாவின் மறுகரையைப் பார்த்தோர் அறிவர்: மணலும் மரமும் கப்பலும் உருகி நெளிவது போலத் தோன்றும். பெருக்கம் மிகுந்த கண்ணாடி அந்நெளிவையும் பெருக்கும். அவ்வேளையிற் சிறு பெருக்கமும் தெளிந்த வில்லையுமே பயன் தருவன.

தெளிந்த வில்லை எங்கிருந்து வரும் என்ற வினா 1914ஆம் ஆண்டில் ஒரு பேரரசையே கலங்கச் செய்தது. கண்ணாடிக் கருவிகளுக்கான உயர்ந்த கண்ணாடியைப் பிரித்தானியா பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே, சிறப்பாக ஜெர்மனியின் யேனா நகரத்திலிருந்தே பெற்றுவந்தது. போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. பேமிங்காம் நகரை அடுத்த சான்ஸ் சகோதரர் தொழிற்சாலை அக்குறையை நிரப்புவதற்கு இரவுபகலாக உழைக்கவேண்டியதாயிற்று.

கண்ணாடி கிடைத்த பின்னும் பொருத்துதலில் இடர் தீரவில்லை. பிரித்தானியர் தம் லீ–என்பீல்ட் றைபிளில் மேலிருந்தே தோட்டாக்களை நிரப்பினர். அதனால் முதலாம் உலகப்போரிற் கண்ணாடியை இடப்புறமாகத் தள்ளிப் பொருத்தினர். குறிவல்லோரைப் பயிற்றிய ஹெஸ்கத்–பிறிச்சாட் இதனைக் கடுமையாகக் குறைகூறினார். கண் ஒரு கோட்டிலும் குண்டு மற்றொரு கோட்டிலும் செல்ல, கன்னத்துக்குத் துப்பாக்கிக் கட்டையின் தாங்கலும் கிடையாமற் போயிற்று என்பது அவர் வாதம். அவர் கண்ட மற்றொரு குறையோ இதனினும் பெரிது: கண்ணாடிகள் பல பேணுதல் அறியாதார் கையிற் சிக்கி நிலைகுலைந்திருந்தன.

இரண்டாம் உலகப்போரில் இப்பாடம் ஓரளவு கற்கப்பட்டது. நான்காம் எண் றைபிள்களுள் துல்லியமாகச் சுடுவனவற்றைப் பொறுக்கியெடுத்து, ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் என்னும் இலண்டன் துப்பாக்கித் தொழிலகத்தார் கண்ணாடி பொருத்தினர். மூன்று மடங்குப் பெருக்கமே உடைய அக்கண்ணாடியின் எண் துப்பாக்கிக் கட்டையிலும், துப்பாக்கியின் எண் கண்ணாடியைத் தாங்கும் பட்டையிலும் பொறிக்கப்பட்டன. ஒரு துப்பாக்கியின் கண்ணாடியை மற்றொன்றில் மாட்டலாகாது என்பது இதன் பொருள். இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. நான்கு அங்குல இடைவெளியில் அமைந்த இரண்டு தாங்கிகளுள் ஒன்று, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகினாற் போதும். 300 அடித் தூரத்திற் குண்டு ஏறக்குறைய ஓர் அங்குலமும், 1,800 அடித் தூரத்தில் ஐந்து அங்குலத்துக்கு மேலும் விலகும். தலைமயிரிற் பாதியினும் மெல்லிய அவ்விடைவெளியை ஒரு துரும்போ, துருவோ, தளர்ந்த திருகாணியோ உண்டாக்கிவிடும். ஆதலால், தாங்கியும் துப்பாக்கியும் ஒன்றையொன்று தொடும் இடங்களை எண்ணெயறத் துடைத்துப் பொருத்துக. திருகாணிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிதுசிறிதாக இறுக்குக. குழல் நசுங்குமளவு இறுக்குவதும் தளர விடுவதற்கு ஒப்பான பிழையே. பொருத்தியபின் சுட்டுப் பார்த்தன்றி எக்குறியையும் நம்பற்க.

பேணுதலே திருகோணமலைக்குரிய தனிப்பாடம். வாடைக்காற்றோடு வரும் மழைமாதங்களில் பெட்டியுட் பூட்டிய தோலும் துணியும் பூசணம் பூப்பதை இங்குள்ள ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். அப்பூசணம் கண்ணாடியையும் விடுவதில்லை. வில்லைகளுக்கிடையே அடைபட்ட ஈரக்காற்றில், ஒரு சிறு தூசியையே உணவாகக் கொண்டு சிலந்திவலைபோற் கிளைக்கிறது. நாளடைவில் அதன் கழிவு கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் நியூகினிக் காடுகளிற் கண்ணாடிக் கருவிகள் இவ்வாறு கெட்டமையால், மெல்போர்ண் பல்கலைக்கழகத்துத் தாவரவியற் பேராசிரியர் டர்னர் போன்றோர் இதனை ஆராய்ந்து, பாதரசஞ் சேர்ந்த மருந்தொன்றினாற் பூசணத்தைத் தடுக்கும் வழி கண்டனர். இக்காலத்திற் குழலினுள் ஈரமற்ற நைதரசன் வாயுவை நிரப்பி அடைக்கின்றனர். அவ்வடைப்பு பழுதுற்ற கண்ணாடிக்குப் பழைய பகையே மீண்டும் வாய்க்கும்.

வீட்டிலிருக்கும் எந்தத் தொலைநோக்கிக்கும் பொருந்தும் விதிகள் சில. மழைக்காலத்தில் தோலுறையுள் இட்டு மூடற்க; காற்றும் வெளிச்சமும் படும் உலர்ந்த இடத்தில் வைக்க. கடற்காற்று வில்லைமேற் படிய விடும் உப்பு, நுண்ணிய மணலை ஒத்தது. சாரத்தின் தலைப்பால் அதனைத் துடைப்பவர் தாமே வில்லையைக் கீறுகிறார். முதலில் ஊதுபந்தாற் காற்றை அடித்து, பின் மென்மையான தூரிகையால் நீக்கி, அதன்பின்னரே தூய மெல்லிய துணியை இலேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வட்டமாகத் துடைக்கவேண்டும். வில்லைகளின் மேற்பூச்சைக் காத்தற்கும் இதுவே வழி. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பியனுப்பிவிடும். பத்துப் பரப்புக்களைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி தொலைந்துபோகும். 1935ஆம் ஆண்டில் செய்ஸ் நிறுவனத்து ஸ்மக்குலா கண்ட மெல்லிய பூச்சு இவ்விழப்பைப் பெரிதும் குறைத்தது.

இவ்வளவையும் கூறியபின், தொடக்கத்தில் அரியதென்று குறித்த வினாவுக்கு மீள்வோம். எத்தகைய கண்ணைத் தெரிவது? 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாட் காலையில் அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறக்குறைய 130 யப்பானிய விமானங்கள் திருகோணமலைமேல் வந்தன. மலைமுகட்டுப் பெரும் பீரங்கிகள் கடலை நோக்கியவாறே நின்றன. அவற்றின் கண்ணாடிகள் துலங்கியிருக்கலாம், பீடங்கள் உறுதியாயிருந்தன, ஆயினும் அவை குறிபார்க்கத்தக்க ஒரு கப்பலும் அடிவானத்தில் இல்லை. அன்று வருகையை முன்னறிந்த கண் கண்ணாடியாலானதன்று, அது ராடார். அதன் எச்சரிக்கையால் சீனன்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழ முடிந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கிகளும் முழங்கின. இருந்தும் துறைமுகமும் விமானத்தளமும் பெருஞ்சேதமுற்றன. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியொன்றில் யப்பானிய விமானம் ஒன்று வீழ, அது நாட்கணக்கில் எரிந்தது. தாக்குதலுக்கு அஞ்சி முன்னிரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பப்பட்ட ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல், தன் விமானங்கள் உடனில்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. அதனோடு 307 பேர் மாண்டனர்.

1782இல் கடலைப் பார்த்திருந்த கோட்டைகளுக்குப் பகைவர் தரைவழியே வந்தனர். 1942இல் கடலைப் பார்த்திருந்த பீரங்கிகளுக்கு அவர் வான்வழியே வந்தனர். 160 ஆண்டு இடைவெளியில் கண்ணாடி வளர்ந்தது, அளவுகள் நுணுகின, பார்த்த திசை மட்டும் மாறவில்லை. நல்ல கண்ணாடியைத் தேடும் ஒருவன், எதனைக் காண்பதற்கு அது தனக்கு வேண்டும் என்பதை முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்ளவேண்டும். அவ்வினாவைக் கேளாதவன் கையில் விலையுயர்ந்த வில்லையும் வெறும் அணிகலனே.

பிரித்தானியா தன் கரையோரப் பீரங்கிப்படையை 1956ஆம் ஆண்டிற் கலைத்தது. மறு ஆண்டிலே திருகோணமலைக் கடற்படைத்தளம் இலங்கையரசிடம் ஒப்படைக்கப்பட்டது. கோணமலை உச்சியில் மீள எழுந்த கோணேசர் ஆலயத்துக்கு 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. பகைக்கப்பலின் தூரம் அளப்பதற்கு ஏற்றதாயிருந்த அதே உயரத்தில் நின்று, இன்று மக்கள் கடலைக் கும்பிடுகின்றனர். சிலர் இரட்டைக் கண்ணாடி கொண்டு, கரையை அடுத்து நீந்தும் திமிங்கிலங்களைத் தேடுகின்றனர். கருவி பழையதே, அதனை உறுதியாகப் பிடித்து, உப்பறத் துடைத்து வைத்துக்கொள்ளும் விதிகளும் பழையனவே. காண விரும்பும் பொருள் மாறியிருக்கிறது. அம்மாற்றம் நிலைக்கவேண்டும் என்பதே இத்துறைமுகத்தின் வரலாற்றை அறிந்தோர் அனைவரதும் விருப்பமாகும்.